கட்டத்துக்குள் நுழையும் கட்டளை

வலைப்பின்னலை இயக்கும் கருவியானாலும் மென்பொருளானாலும், அதை அமைத்துப் பராமரிப்பவருக்கென்று ஒரு நிர்வாகப் பக்கம் இருக்கும். வீட்டு மோடத்தில் வைஃபை பெயரை மாற்றுவதற்கும், வங்கிக் கிளையில் எந்தக் கணினி இணையத்தைத் தொடலாம் என்று வரையறுப்பதற்கும், பல்கலைக்கழகம் ஒன்றில் ஆயிரக்கணக்கான பயனர்களின் கடவுச்சொற்களைப் பராமரிப்பதற்கும் அந்தப் பக்கமே வழி. உலாவியைத் திறந்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, திரையில் தெரியும் கட்டங்களை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் கட்டங்களில் தட்டச்சாகும் எழுத்துகள் உள்ளே போய் என்ன ஆகின்றன என்பதை நிரப்புபவர் அறிய வேண்டியதில்லை என்ற நம்பிக்கையின் மேல்தான் இப்பக்கங்கள் கட்டப்படுகின்றன. கடந்த 30 ஆண்டுகளில் வலைப்பின்னல்களுக்குப் பெருஞ்சேதம் விளைவித்த பிழைகளுள் ஒன்று அந்த நம்பிக்கை பொய்த்த இடத்தில் பிறந்தது. கணினித் துறையில் ‘கமாண்ட் இன்ஜெக்‌ஷன்’ என்று வழங்கும் அப்பிழையை இக்கட்டுரை கட்டளைப் புகுத்தல் என்று குறிக்கிறது.

இது எங்கோ கடல் கடந்து நடக்கும் விவகாரம் என்று தாமிரபரணிக் கரையில் இருப்பவர்கள் ஒதுக்கிவிட முடியாது. குற்றால மலையில் பிறந்து தென்காசியைக் கடந்து வரும் சிற்றாறு, தாமிரபரணியோடு கலக்கும் இடம் சீவலப்பேரி. சிற்றாறு பிறக்கும் அந்த மலையடிவாரத்தில், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில், ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் ஒரு பத்தாண்டுக்கும் மேலாக இயங்கிவருகிறது. அந்நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019இல் அவ்வூரிலேயே வந்து குடியேறினார். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரியும் வரை மத்தளம்பாறையும் சீவலப்பேரியும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்து ஊர்கள். ஜோஹோவைப் பலர் மின்னஞ்சலுக்கும் அலுவலகச் செயலிகளுக்கும் உரிய நிறுவனமாகவே அறிந்திருந்தாலும், 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் அது தொடங்கப்பட்டபோது அதன் தொழில் வலைப்பின்னல் நிர்வாக மென்பொருள் எழுதுவதே. ‘மேனேஜ்எஞ்சின்’ என்ற பெயரில் அத்தொழில் இன்றும் தொடர்கிறது; உலகெங்கும் அரசு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் கல்வி நிறுவனங்களும் அம்மென்பொருள்களை நம்பி இயங்குகின்றன. கட்டளைப் புகுத்தல் என்னும் பிழை அவற்றுள் ஒன்றிலும் வெளிப்பட்டது. அதைப் பார்ப்பதற்கு முன் பிழையின் இயல்பைப் புரிந்துகொள்வது நல்லது.

ஒரு சர்வர் வலைப்பின்னலில் பதில் சொல்லும் நிலையில் இருக்கிறதா என்று அறிய ‘பிங்’ என்ற சோதனை உண்டு. பெரும்பாலான ரவுட்டர்களின் நிர்வாகப் பக்கத்தில் அதற்கென ஒரு கட்டம் இருக்கும். முகவரியை எழுதினால் பதில் வந்ததா இல்லையா என்று பக்கம் காட்டும். இச்சோதனையைச் செய்யும் நிரல் இயக்க அமைப்பில் ஏற்கெனவே இருப்பதால், நிர்வாகப் பக்கத்தை எழுதுபவர் அதைத் தாமாக மறுபடி எழுதுவதில்லை. ‘பிங்’ என்ற சொல்லுக்குப் பின்னால் பயனர் எழுதிய முகவரியை ஒட்டி, கிடைத்த முழு வரியையும் ‘ஷெல்’ என்பதிடம் கொடுத்துவிடுகிறார். ஷெல் என்பது எழுத்து வடிவில் வரும் ஆணைகளைப் படித்து, இயக்க அமைப்பைக் கொண்டு அவற்றை நிறைவேற்றும் நிரல். அதற்குச் சில குறிகள் தனிப்பொருள் உடையவை: அரைப்புள்ளி வந்தால் ஓர் ஆணை முடிந்து அடுத்தது தொடங்குகிறது, செங்குத்துக் கோடு வந்தால் ஓர் ஆணையின் விடை அடுத்ததற்கு உள்ளீடாகப் போகிறது, டாலர் குறியும் அடைப்பும் சேர்ந்து வந்தால் அடைப்புக்குள் இருப்பது முதலில் நிறைவேறுகிறது. ஆகவே முகவரிக் கட்டத்தில் முகவரியோடு ஓர் அரைப்புள்ளியும், அதன்பின் வெளியிலிருந்து தீநிரல் ஒன்றை இறக்கி இயக்கும் ஆணையும் எழுதப்பட்டால், ஷெல் அவ்விரண்டையும் ஒரே அதிகாரியிடமிருந்து வந்த இரண்டு ஆணைகளாகவே படிக்கும். பட்டா மாறுதல் மனுவில் பெயருக்கென விட்ட இடத்தில் ஒருவர் தம் பெயரை எழுதி, அதன் கீழேயே ‘பக்கத்து நிலத்தையும் இவர் பெயருக்கு மாற்றுக’ என்று சேர்த்துவிட, அலுவலகம் அந்த வரியையும் வட்டாட்சியரின் உத்தரவாகவே கொண்டு நிறைவேற்றுவதற்கு ஒப்பானது இது. வலைப்பின்னல் கருவிகளில் நிலைமை இன்னும் மோசம். அவற்றின் நிர்வாகப் பக்கங்கள் பெரும்பாலும் கருவியின் முழு அதிகாரத்தோடும் இயங்குவதால், புகுந்த ஆணைக்கும் அதே முழு அதிகாரம் கிடைத்துவிடுகிறது.

இப்பிழை புதிதன்று. அட்வென்ட்நெட் தொடங்கிய அதே 1996ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் ‘பிஎச்எஃப்’ என்ற சிறு நிரலைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அக்காலத்தின் முதன்மையான இரண்டு வலைச் சர்வர் மென்பொருள்களோடு மாதிரியாக இணைத்துத் தரப்பட்ட அந்நிரலின் பணி, தொலைபேசிப் பெயரேட்டில் ஒருவரைத் தேடித் தருவது மட்டுமே. ஷெல்லுக்குத் தனிப்பொருள் தரும் குறிகளை வடிகட்டும் ஏற்பாடு அதில் இருந்தது. ஆனால் அந்த வடிகட்டி, வரியை முடித்து அடுத்த வரியைத் தொடங்கும் குறியைக் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிட்டது. விடுபட்ட அந்த ஒரு குறியின் வழியே சர்வரின் பயனர் பட்டியல் கோப்பு வரை வெளியாட்கள் படிக்க முடிந்தது. வடிகட்டியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆயினும், தடை செய்ய வேண்டிய குறிகளின் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் இன்றுவரை பல நிரலாளர்களிடம் மறையவில்லை என்பது வருந்தத்தக்கது.

வலை வளர வளர இப்பிழை வீடுகளுக்குள் வந்தது. 2016 நவம்பரில் அயர்லாந்தில் வழங்கப்பட்ட ஒரு மோடத்தில், நேரத்தைச் சரிபார்க்கும் சர்வரின் பெயரைக் குறிக்கும் இடத்தில் ஷெல் ஆணையை எழுதினால் மோடம் அதை நிறைவேற்றுகிறது என்பது வெளியானது. இணைய நிறுவனம் வாடிக்கையாளரின் மோடத்தைத் தொலைவிலிருந்து பராமரிப்பதற்காகத் திறந்து வைத்த வழி, உலகத்தார் அனைவருக்கும் திறந்தே கிடந்ததால் இது இயன்றது. சில வாரங்களுக்குள், ‘மிராய்’ என்ற தீநிரலின் ஒரு வகை இவ்வழியைத் தேடி இணையம் முழுவதும் அலைந்தது. அம்மாதம் 27ஆம் தேதி ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 9 லட்சம் பேரின் இணைப்பு பாதிக்கப்பட்டது. அவர்களுடைய கருவிகளில் அந்தக் குறிப்பிட்ட ஓட்டை இல்லவே இல்லை. கதவைத் தட்டியவர்களின் நெருக்கடியைத் தாங்காமலே அவை நிலைகுலைந்தன. 2023இல் டிபி-லிங்க் நிறுவனத்தின் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 ரவுட்டரில், எந்த நாட்டு அமைப்பு வேண்டும் என்று கேட்கும் இடமே கட்டளை புகும் வாசலாக அமைந்தது, கடவுச்சொல்கூடக் கேட்கப்படவில்லை. மார்ச் மாதத்தில் திருத்தம் வெளியானது, ஏப்ரலிலேயே மிராய் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. நேரம், நாடு, முகவரி என்று யாரும் சந்தேகப்படாத எளிய தகவல்களைக் கேட்கும் கட்டங்களே ஒவ்வொரு முறையும் வழிவிட்டிருக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

விலை உயர்ந்த கருவிகளும் இதற்கு விலக்கல்ல. அலுவலக வலைப்பின்னல்களின் எல்லைக் காவலுக்கென இவான்டி, பாலோ ஆல்டோ ஆகிய நிறுவனங்கள் விற்கும் மென்பொருள்களில் 2024இன் முதல் நான்கு மாதங்களுக்குள் கட்டளைப் புகுத்தல் ஓட்டைகள் வெளிப்பட்டன; இரண்டும் திருத்தம் வருவதற்கு முன்பே தாக்குவோரால் பயன்படுத்தப்பட்டவை. 2023 மே மாதம் வெளிப்பட்ட பாராகுடா நிறுவனத்தின் மின்னஞ்சல் வடிகட்டிக் கருவியின் கதை இவற்றுள் தனித்துச் சொல்லத்தக்கது. அஞ்சலோடு வரும் தொகுப்புக் கோப்பைத் திறந்து பார்க்கும்போது, உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களை அக்கருவி ஷெல் ஆணையோடு ஒட்டியது. ஆகவே கோப்பின் பெயரிலேயே ஆணையை எழுதி ஓர் அஞ்சல் அனுப்பினால் போதும் என்றாயிற்று. எந்தக் கட்டத்தையும் எவரும் நிரப்ப வேண்டியதில்லை. பாதிக்கப்பட்ட கருவிகளைத் திருத்தினாலும் பயனில்லை, அவற்றை அடியோடு மாற்றிவிடுங்கள் என்று அந்நிறுவனமே தன் வாடிக்கையாளர்களிடம் சொல்ல நேர்ந்தது.

தமிழ்நாட்டில் எழுதப்பட்ட மென்பொருளில் இது நிகழ்ந்தது 2022இல். மேனேஜ்எஞ்சினின் ‘ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸ்’ என்பது, பெரிய அலுவலகங்களில் பணிபுரிவோர் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் கணினிப் பிரிவை நாடாமல் தாமே மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருள். வெளியூரிலிருந்தும் வீட்டிலிருந்தும் பணியாளர்கள் அதை அணுக வேண்டும் என்பதால், பல நிறுவனங்கள் அதன் பக்கத்தை இணையத்துக்கு நேராகத் திறந்தே வைத்திருந்தன. ஒருவர் கடவுச்சொல்லை மாற்றியவுடன் வேறு சில அமைப்புகளிலும் அம்மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டிய தேவை நிர்வாகிகளுக்கு ஏற்படும். அதற்காக, கடவுச்சொல் மாற்றம் முடிந்ததும் தாம் விரும்பும் ஆணையை இயக்கிக்கொள்ளும் வசதி நிர்வாகப் பக்கத்தில் தரப்பட்டிருந்தது. அவ்வாணையின் நடுவே பயனரின் பெயரும் புதிய கடவுச்சொல்லும் வந்து அமரும் வகையில் இடங்கள் விடப்பட்டிருந்தன.

அமெரிக்காவின் ரேபிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம், தன் வாடிக்கையாளர் ஒருவரிடம் நடந்த ஊடுருவலை ஆராயும்போது இவ்வசதி தவறாகப் பயன்படுத்தப்பட்டதைக் கண்டறிந்து, 2022 ஏப்ரலில் விவரங்களை வெளியிட்டது. பாதுகாப்புப் பலவீனங்களை அடையாளப்படுத்தும் சிவிஇ வரிசையில் சிவிஇ-2022-28810 என்ற எண் பெற்ற அப்பலவீனத்துக்கு இரண்டு முகங்கள் இருந்தன. முதலாவது, நிர்வாகியாக நுழைந்தவர் எந்த ஆணையை எழுதினாலும் விண்டோஸ் சர்வரின் உச்ச அதிகாரத்தோடு அது நிறைவேறியது. மென்பொருளோடு வரும் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த இடங்களில் நிர்வாகியாக நுழைவது கடினமான செயலே அன்று. இரண்டாவது முகம்தான் இக்கட்டுரையின் பொருளுக்கு நேராக வருவது: பயனர் தட்டச்சு செய்யும் புதிய கடவுச்சொல் எவ்விதச் சோதனையும் இன்றி அந்த ஆணை வரியில் ஒட்டப்பட்டதால், கடவுச்சொல்லாகவே ஓர் ஆணையை எழுதிவிட முடிந்தது. வலுவான கடவுச்சொல்லில் சிறப்புக் குறிகள் இருக்க வேண்டும் என்று உலகமெங்கும் வலியுறுத்தப்படும் காலத்தில், ஷெல்லுக்குப் பொருள் தரும் அத்தனை குறிகளும் இயல்பாகவே வந்து சேரும் கட்டம் கடவுச்சொல் கட்டம்தான். அதை வடிகட்டவும் முடியாது. வடிகட்டினால் கடவுச்சொல் வலுவிழக்கும்.

ஜோஹோ இதற்குச் செய்த திருத்தம் கருதிப் பார்க்கத்தக்கது. 6122ஆம் பதிப்பில், ஆணையை நிர்வாகப் பக்கத்தில் எழுதும் வசதியே நீக்கப்பட்டது. இயக்க வேண்டிய நிரலைச் சர்வருக்குள் நேரடியாகச் செல்லும் உரிமை உள்ளவரே அங்குக் கோப்பாக வைக்க வேண்டும் என்றாயிற்று. பயனரின் சொற்கள் குறியீட்டு வடிவத்துக்கு மாற்றப்பட்டே அந்நிரலுக்கு அனுப்பப்படுகின்றன. அவ்வடிவத்தில் வெறும் எழுத்தும் எண்ணும் ஓரிரு குறிகளுமே இருப்பதால் ஷெல் அதில் ஆணை எதையும் காண்பதில்லை. தடை செய்ய வேண்டிய குறிகளின் பட்டியலைத் தேடிப் போகாமல், தரவும் ஆணையும் கலக்கும் இடத்தையே இல்லாமல் ஆக்கிய இவ்வழி சரியான வழி. ஆனால் திருத்தம் வெளியானதோடு ஆபத்து நீங்கிவிடவில்லை. தாக்குவோர் பயன்படுத்துவது உறுதியான பலவீனங்களுக்கென அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா பராமரிக்கும் பட்டியலில், ஏறத்தாழ ஓராண்டு கழித்து 2023 மார்ச் 7 அன்று இந்த எண்ணும் சேர்க்கப்பட்டது.

திருத்தம் வந்தும் அதை நிறுவாமல் இருக்கும் இடைவெளியில் என்ன நேரும் என்பதை அதே மென்பொருளின் முந்தைய ஆண்டு வரலாறு காட்டுகிறது. 2021 செப்டம்பரில் வெளிப்பட்ட சிவிஇ-2021-40539 கட்டளைப் புகுத்தல் வகையைச் சேர்ந்தது அல்ல. கடவுச்சொல் சோதனையைத் தாண்டி உள்ளே செல்ல வழிவிட்ட பிழை அது. எனினும் விளைவு ஒன்றே, சர்வரில் வெளியார் தம் நிரலை இயக்கினர். ஜோஹோ உடனடியாகத் திருத்தம் வெளியிட்டது. அம்மாதம் 16ஆம் தேதி சிசாவும் எஃப்.பி.ஐ.யும் அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் இணையப் பிரிவும் கூட்டாக எச்சரித்தன. நவம்பர் 9 அன்று, திருத்தம் நிறுவப்படாத ஒரு சர்வரின் வழியே, பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் அமைப்புகளுக்குள் தாக்குவோர் நுழைந்தனர். 2022 ஜனவரி 18 வரை அது கண்டறியப்படவில்லை. போராலும் பேரிடராலும் இடப்பெயர்வாலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமற்போனோர், அவர்களைத் தேடுவோர் என 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அதில் வெளியார் கைக்கு எட்டின. 1989 முதல் இலங்கையில் பணியாற்றிவரும் அக்குழுவிடம் தம் உறவினரைத் தேடித் தருமாறு பெயர் கொடுப்பது என்றால் என்ன என்பது தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய ஒன்றன்று. மென்பொருள் பிழை என்று சொல்லப்படுவது, கடைசியில் அத்தகைய மனிதர்களின் மேல்தான் போய் விழுகிறது. தமிழ்நாட்டில் எந்த ஊர் அலுவலகத்தில் எந்த வரி எழுதப்பட்டது என்பது இங்குக் கேள்வியல்ல. இங்கே எழுதப்படும் வரிகள் அக்குழுவின் தலைமையகம் உள்ள ஜெனீவா வரை நம்பிக்கையோடு நிறுவப்படுகின்றன என்பதே பொறுப்பின் அளவைக் காட்டுகிறது.

இப்பிழையைத் தவிர்க்கும் வழி நெடுங்காலமாகத் தெரிந்ததே. ஷெல்லை அழைக்காமலே செய்யக்கூடிய வேலைக்கு ஷெல்லை அழைக்கக் கூடாது. பிங் சோதனைக்கும் கோப்பைத் திறப்பதற்கும் ஏறக்குறைய எல்லா நிரல்மொழிகளிலும் நேரடி நூலகங்கள் உள்ளன. வேறொரு நிரலை அழைத்தே ஆக வேண்டும் என்றால், ஆணையையும் அதற்குரிய சொற்களையும் ஒரே வரியாக ஒட்டாமல், தனித்தனி உறுப்புகளாக இயக்க அமைப்பிடம் கொடுக்க வேண்டும். அப்போது அரைப்புள்ளி வெறும் அரைப்புள்ளியாகவே இருக்கும். முகவரி என்றால் முகவரியின் வடிவம், நாடு என்றால் தெரிந்த நாடுகளின் பட்டியல் என்று, எது அனுமதிக்கப்பட்டது என்பதை வரையறுத்து மற்ற அனைத்தையும் மறுக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் விண்டோஸில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே சொற்கள் தனித்தனி உறுப்புகளாகச் செல்வதில்லை, மீண்டும் ஒரே வரியாகச் சேர்க்கப்பட்டே செல்கின்றன; ஆணைகளை வரிசையாக எழுதி வைத்த ‘பேட்ச்’ கோப்புகளை அழைக்கும்போது அவ்வரியை விண்டோஸின் பழைய ஷெல் தன் விதிப்படி படிக்கிறது. பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற ரஸ்ட் என்ற நிரல்மொழியே இதில் சறுக்கி, 2024 ஏப்ரலில் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஜூலை 10 அன்று சிசாவும் எஃப்.பி.ஐ.யும் வெளியிட்ட அறிவிப்பு, கட்டளைப் புகுத்தல் முற்றிலும் தவிர்க்கக்கூடிய பிழை என்றும், அதை வேரோடு நீக்கும் கடமை மென்பொருளை உருவாக்கும் நிறுவனங்களின் தலைமைக்கு உரியது என்றும் வலியுறுத்தியது. கடவுச்சொல்லை மாற்றுங்கள், புதுப்பியுங்கள் என்று பயனரிடம் மட்டுமே சொல்லிவந்த காலத்தோடு ஒப்பிடும்போது இது பெரிய மாற்றம், நியாயமான மாற்றமும்கூட.

இந்தியாவில் இத்தகைய நிகழ்வுகளைக் கவனிக்கும் பொறுப்பு 2004 முதல் செயல்படும் செர்ட்-இன் அமைப்பினுடையது. 2022 ஏப்ரல் 28 அன்று அது பிறப்பித்த ஆணைப்படி, இணையத் தாக்குதல் ஒன்றை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதைத் தெரிவிக்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்துக்கு அவ்வமைப்பின் பணி ஏட்டளவிலான செய்தி அன்று. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலைப்பின்னலில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் இருப்பதை இந்திய அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது செர்ட்-இன்னே. உலைகளை இயக்கும் அமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்று கழகம் அறிவித்தது. அங்கே நுழைந்தது வேறு வகைத் தீநிரல் என்றாலும், நிர்வாகத்துக்குரிய வலைப்பின்னலையும் இயக்கத்துக்குரிய வலைப்பின்னலையும் பிரித்து வைப்பதன் மதிப்பை இந்த மாவட்டம் அருகிலிருந்தே கண்டது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடங்கள் பெருமளவில் தீநிரலுக்கு இலக்கானபோது, தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றுமாறு அந்நிறுவனம் வேண்டிக்கொண்டதும் நினைவுகூரத்தக்கது.

அன்று மோடம் நகரத்து வீடுகளின் பொருளாக இருந்தது. இன்று தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டம் நடைபெறுகிறது. கோவில்பட்டிக்குக் குடிநீர் அனுப்பும் சீவலப்பேரி போன்ற ஊர்களில், நீரேற்று நிலையமும் ஊராட்சி அலுவலகமும் பள்ளியும் கூட்டுறவுச் சங்கமும் ஒவ்வொன்றாக வலைப்பின்னலுக்குள் வரும்போது, ஒவ்வொன்றோடும் ஒரு நிர்வாகப் பக்கமும் வந்து சேரும். அதை இணையத்திலிருந்து அணுகும் வசதி தேவையின்றித் திறந்திருந்தால் மூடுவதும், பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுவதும், உற்பத்தியாளர் கைவிட்ட பழைய கருவியை இயங்குகிறது என்பதற்காகவே வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் உள்ளூரிலேயே முடிகிற காரியங்கள். உள்ளூரில் முடியாதது, அக்கருவிக்குள் இருக்கும் நிரலின் தரம். அதைத் தீர்மானிப்பவர்கள் இருவர்: நிரலை எழுதுபவரும், கருவியை மொத்தமாக வாங்கும் அரசுத் துறையும்.

முதலாமவருக்கான இடம் வகுப்பறை. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும், தென்காசியில் பட்டப்படிப்பு இல்லாமலே இளைஞர்களை நிரலாளர்களாக்கும் ஜோஹோ கல்விக்கூடத்திலும் பயில்வோர் நாளை இத்தகைய நிர்வாகப் பக்கங்களை எழுதப்போகிறவர்கள். பிங் சோதனைக்கு ஒரு வலைப்பக்கம் எழுதச் சொல்லி, அக்கட்டத்தில் அரைப்புள்ளியை இட்டு அது உடைவதை அவர்களே காணும்படி செய்து, பின் ஷெல் இல்லாமல் அதை மறுபடி எழுத வைப்பது ஒரே ஆய்வக வகுப்பில் முடியும் வேலை. பாதுகாப்பு என்பதை இறுதியாண்டின் விருப்பப் பாடமாகத் தள்ளிவைப்பதைவிட இது மேலானது. இரண்டாமவருக்கான இடம் ஒப்பந்தப்புள்ளி ஆவணம். விலையையும் வேகத்தையும் கேட்கும் அவ்வாவணத்தில், நிர்வாகப் பக்கம் எங்கெல்லாம் ஷெல்லை அழைக்கிறது, தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றாமல் கருவி இயங்க மறுக்கிறதா, பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை தரப்படும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் எழுத்துபூர்வமான பதில் கேட்கப்பட வேண்டும்.